காசு கொடுத்தவனுக்கே பூட்டா?

புதிதாகக் குடிவந்த எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் இரண்டு சாமான்கள் கட்டாயம் இருக்கும். ஒன்று ரைஸ் குக்கர். மற்றது, ரி.வி.க்குக் கீழே இருக்கும் பிள்ளைகளின் வீடியோ கேம் பெட்டி. முதலாவதைப் பற்றிப் பெற்றோருக்கு எல்லாம் தெரியும். இரண்டாவதைப் பற்றிப் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. காசு கொடுப்பது மட்டும்தான் அவர்களின் வேலை.

அந்தக் காசும் சின்னக் காசல்ல. 90 டொலர் என்று விலை போட்ட புதிய விளையாட்டொன்றுக்கு, மத்திய அரசின் வரியும் கியூபெக் வரியும் சேர 103 டொலருக்கு மேல் கட்ட வேண்டும். இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகாத, தொழிற்சாலையிலோ உணவகத்துச் சமையலறையிலோ குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்யும் தகப்பனுக்கு அது கிட்டத்தட்ட ஒரு நாள் உழைப்பு.

இப்படி வாங்கிக் கொடுத்த பிறகும், "இன்ரநெற் தொடர்பு இல்லை, விளையாட முடியாது" என்று அந்தப் பெட்டி சொன்னால்? அதே விளையாட்டைக் களவாக இறக்கிய பக்கத்து வீட்டுப் பையன் எந்தத் தடையும் இல்லாமல் விளையாடிக்கொண்டிருந்தால்? "அப்பா, நாங்கள் ஏன் காசு குடுத்து வாங்கினனாங்கள்?" என்று பிள்ளை கேட்டால் என்ன பதில் சொல்வது?

சிரித்துவிட்டுப் போகக்கூடிய கேள்வியல்ல இது. நேர்மையாக நடப்பவன் நட்டப்படுகிறான் என்ற பாடத்தைப் பிள்ளை வீட்டுக்குள்ளேயே படிக்கிறது. ஆகவே விளையாட்டுகளுக்குப் போடப்படும் பூட்டுகள் பற்றியும், காசு கொடுத்தவனுக்குரிய நியாயம் பற்றியும் சற்று விரிவாகவே பார்ப்போம்.

எங்கள் ஊர்த் தொழில்

மொன்றியாலில் வாழும் எமக்கு இது தூரத்துச் சங்கதி அல்ல. உலகில் வீடியோ கேம்கள் அதிகம் தயாராகும் நகரங்களில் எமது நகரமும் ஒன்று. பிரான்சைச் சேர்ந்த யூபிசொஃப்ட் நிறுவனம் 1997இல் இங்கே ஒரு கிளையைத் திறந்தது. மைல் எண்ட் பகுதியில், சென் லோறன் வீதியில் நிற்கும் பழைய செங்கல் கட்டடம் ஒன்றில்தான் அது இயங்கி வருகிறது. ஒரு காலத்தில் அது உடுப்புத் தொழிற்சாலை. எம்மவர் பலர் வந்த புதிதில் ஷபனெல் வீதிப் பக்கத்து உடுப்புத் தொழிற்சாலைகளில் தைத்தும் மடித்தும் வயிறு வளர்த்தவர்கள். துணி போய்க் கொம்பியூட்டர் வந்த கதையை அந்தக் கட்டடமே சொல்கிறது. பார்க் எக்ஸ்ரென்ஷனில் இருக்கும் எம்மவர் வீடுகளிலிருந்து சிறிது நேரப் பஸ் பயணம், அவ்வளவுதான்.

இத்தொழிலை இங்கு இழுப்பதற்காக, 1990களிலிருந்து கியூபெக் அரசு தொழிலாளர் சம்பளத்தில் ஒரு பங்கை வரிச்சலுகையாக நிறுவனங்களுக்குத் திருப்பிக் கொடுத்து வந்திருக்கிறது. அது நாங்கள் கட்டும் வரிப்பணம். அதனால் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கிடைத்தது. யூபிசொஃப்ட்டைத் தொடர்ந்து ஐடொஸ், வோர்னர் பிரதர்ஸ் போன்ற பெயர் பெற்ற நிறுவனங்களும் இங்கே கிளை திறந்தன. இன்று எங்கள் வீட்டில் விளையாடும் பிள்ளை நாளை அங்கே வரைபவராகவோ நிரல் எழுதுபவராகவோ வேலைக்குப் போகலாம்.

எனவே இந்த வழக்கில் நாங்கள் இரண்டு பக்கத்திலும் நிற்கிறோம். வாங்குபவர்களும் நாங்கள்தான், செய்பவர்களாக வரப்போகிறவர்களும் எங்கள் பிள்ளைகள்தான்.

பூட்டு ஏன் வந்தது?

முதலில் செய்பவர் பக்கத்து நியாயத்தைக் கேட்போம். பெரிய விளையாட்டு ஒன்றை உருவாக்க நூற்றுக்கணக்கானோர் பல வருடங்கள் உழைக்க வேண்டும். முதலாவது பிரதிக்குக் கோடிக்கணக்கில் செலவாகிறது. இரண்டாவது பிரதிக்கோ செலவே இல்லை. ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். 2012இல் யூபிசொஃப்ட் நிறுவனத்தின் தலைவர் இவ் கில்லெமோ, கொம்பியூட்டரில் விளையாடுபவர்களில் நூற்றுக்கு 93 முதல் 95 பேர் வரை களவுப் பிரதியே பாவிக்கிறார்கள் என்று கூறினார். அது நிறுவனத்தின் கணக்கு. அதை அப்படியே ஏற்காவிட்டாலும், களவு பெரிய அளவில் நடந்தது என்பதை எவரும் மறுக்கமாட்டார்கள்.

பிரதி எடுப்பது எம்மவருக்கும் புதிய விஷயமல்ல. தமிழ்ப் படக் கசெற் ஒன்று கடைக்கு வந்தால், இரண்டு டெக்கை இணைத்து நாலு வீட்டுக்கு நாலு கசெற் ஆவதைக் கண்டவர்கள் நாங்கள். பிறகு இறுவட்டு வந்தது, பிறகு இன்ரநெற் வந்தது. படத் தயாரிப்பாளர் எங்கோ சென்னையில் இருக்கிறார், அவருக்கு இது பெரிய நட்டமா என்று நினைப்பவர்களும் உண்டு. ஆனால் எமது சமூகத்திலேயே ஒருவர் கடன் வாங்கிப் பாட்டு இறுவட்டு வெளியிடுகிறார், ஒருவர் கவிதைப் புத்தகம் அச்சிடுகிறார். வெளியீட்டு விழாவில் பத்துப் பேர் வாங்கி நூறு பேர் பிரதி எடுத்தால் அவருடைய அடுத்த வெளியீடு வராது. களவுப் பிரதியால் வரும் வலியை விளங்கிக்கொள்ளப் பெரிய நிறுவனங்களைப் பார்க்கத் தேவையில்லை.

ஆகவே பூட்டுப் போட வேண்டாம் என்று சொல்வது இக்கட்டுரையின் நோக்கமல்ல. பூட்டு யாரை வெளியே நிறுத்துகிறது என்பதே கேள்வி.

பழைய காலப் பூட்டுகள்

ஆரம்ப காலத்துப் பூட்டுகள் கடதாசியில் இருந்தன. 1989இல் வெளிவந்த 'பிரின்ஸ் ஒஃப் பேர்ஷியா' என்ற புகழ்பெற்ற விளையாட்டின் டொஸ் பதிப்பில், ஒரு கட்டம் முடிந்ததும் பல மருந்துக் குப்பிகள் கொண்ட அறை வரும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. பெட்டியோடு வந்த கையேட்டைப் புரட்டிச் சரியான எழுத்தைக் கண்டுபிடித்து அந்தக் குப்பியைக் குடித்தால்தான் மேலே போகலாம். கையேடு இல்லாதவனுக்கு மரணம்தான். 1990இல் வந்த 'மங்கி ஐலண்ட்' விளையாட்டில் கடற்கொள்ளையர் முகங்கள் அச்சிட்ட அட்டைச் சக்கரம் ஒன்று இருந்தது. அதைச் சுழற்றி வரும் விடையைக் கொடுக்க வேண்டும்.

இவை விளையாட்டாகவே இருந்தன. ஆனால் அப்போதே தொல்லையும் தொடங்கிவிட்டது. 1985இல் இங்கிலாந்தில் 'எலைட்' விளையாட்டின் ஸ்பெக்ரம் பதிப்போடு ஒரு பிளாஸ்ரிக் வில்லை கொடுத்தார்கள். அதை ரி.வி.க்கு முன்னால் பிடித்தால் கலங்கிய எழுத்துகள் தெளிவாகும். ரி.வி. அளவுக்கு மீறிப் பெரிதாகவோ சிறிதாகவோ இருந்தால் எழுத்துத் தெரியாது. போதாக்குறைக்குச் சில பெட்டிகளில் வேறொரு விளையாட்டுக்குரிய வில்லையை மாறி வைத்துவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கியவர் வாசலில் நின்றார். பிரதி எடுத்தவரோ வில்லையே தேவைப்படாதபடி நிரலை மாற்றி விளையாடினார்.

இன்றைக்கு நாற்பது வருடங்களுக்கு முந்திய இந்தச் சின்னக் கதையில், பின்னால் வந்த எல்லாக் கதைகளும் அடங்கியிருக்கின்றன.

கள்ளனின் சாவியைக் கடனாக வாங்கிய கதை

இறுவட்டுக் காலத்தில் பூட்டு விளையாட்டை விட்டுக் கொம்பியூட்டருக்குள்ளேயே குடிபுகுந்தது. 'ஸ்ரார்ஃபோர்ஸ்' என்ற பூட்டு, வாங்கியவரின் கொம்பியூட்டரில் அவர் அறியாமலே ஆழமாகப் பதிந்து, இறுவட்டு ஓட்டும் கருவிகளைப் பழுதாக்குகிறது என்று பலர் முறையிட்டார்கள். அமெரிக்காவில் யூபிசொஃப்ட் மீது வழக்கும் தொடுக்கப்பட்டது. 2006 ஏப்ரிலில் அந்தப் பூட்டை இனிப் பாவிப்பதில்லை என நிறுவனம் அறிவித்தது.

அடுத்தது 2008 யூலையில் நடந்தது. மொன்றியாலில் தயாரான 'ரெயின்போ சிக்ஸ் வேகஸ் 2' என்ற விளையாட்டைச் சிலர் இறுவட்டாக வாங்காமல், இன்ரநெற் கடையொன்றில் காசு கட்டி நேரடியாக இறக்கியிருந்தார்கள். நிறுவனம் ஒரு திருத்தத்தை வெளியிட்டது. அதைப் போட்டதும் விளையாட்டு, "இறுவட்டைப் போடுங்கள்" என்று கேட்கத் தொடங்கியது. இல்லாத இறுவட்டை எங்கே தேடுவது? முறைப்பாடுகள் குவிந்தன. நிறுவனத்தின் உதவிப் பிரிவு ஒரு தீர்வுக் கோப்பை வெளியிட்டது. அதை ஆராய்ந்து பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள். பூட்டு உடைக்கும் பிரபல களவுக் குழு ஒன்று செய்த கோப்புத்தான் அது. அந்தக் குழுவின் பெயர்கூட உள்ளே அப்படியே இருந்தது. விஷயம் வெளிவந்ததும் நிறுவனம் அந்தக் கோப்பை நீக்கியது.

தன் வீட்டுக்குப் போட்ட பூட்டைத் தானே திறக்க முடியாமல் கள்ளனிடம் சாவி கடன் வாங்கியது போன்ற கதை இது.

திறந்த கதவும் இரட்டைப் பூட்டும்

அதே 2008 டிசெம்பரில் யூபிசொஃப்ட் மொன்றியால் வேறொரு பரீட்சை செய்து பார்த்தது. புதிய 'பிரின்ஸ் ஒஃப் பேர்ஷியா' விளையாட்டின் கொம்பியூட்டர் பதிப்பை எந்தப் பூட்டும் இல்லாமல் கடைக்கு விட்டது. பூட்டுத்தான் களவுக்குக் காரணம் என்கிறீர்களே, பார்ப்போம் என்ற தோரணையில் விட்ட பதிப்பு அது. அதையும் களவாக இறக்கினார்கள். இதை நாங்கள் மறைக்கக் கூடாது. பூட்டை எடுத்தால் எல்லோரும் நல்லவர்களாகிவிடுவார்கள் என்பது உண்மையல்ல.

ஆனால் நிறுவனம் அடுத்ததாக எடுத்த முடிவு மறுகோடிக்குப் போனது. 2010 மார்ச்சில் 'அசாசின்ஸ் கிரீட் 2' கொம்பியூட்டருக்கு வந்தது. மொன்றியாலில் தயாரான, உலகப் புகழ்பெற்ற விளையாட்டு. தனியாளாக விளையாடும் விளையாட்டுத்தான். மற்றவர்களோடு இணைந்து விளையாடுவதற்கு அதில் ஒன்றுமில்லை. ஆயினும் விளையாடும் நேரம் முழுவதும் இன்ரநெற் இணைப்பு இருந்தேயாக வேண்டும் என்று விதித்தார்கள். இணைப்பு அறுந்தால் விளையாட்டு அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

விற்பனைக்கு வந்த சில நாட்களுக்குள், மார்ச் 7ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, நிறுவனத்தின் சேவர்கள் செயலிழந்தன. வெளியாட்களின் தாக்குதலே காரணம் என நிறுவனம் கூறியது. காரணம் எதுவாயினும், முழு விலை கொடுத்து வாங்கியவர்களில் பலர் அந்த விடுமுறை நாளில் தங்கள் விளையாட்டைத் திறக்க முடியாமல் இருந்தார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடவில்லை. அடுத்த மாதமே, ஏப்ரிலில், களவுக் குழுவொன்று அந்தப் பூட்டையும் உடைத்தது. அதன்பின் களவுப் பிரதிக்கு இன்ரநெற் தேவையில்லை. காசு கொடுத்த பிரதிக்குத் தேவை.

2012 பெப்ரவரியில் நிறுவனம் தன் சேவர்களை இடம் மாற்றியபோதும் சில விளையாட்டுகள் திறக்க முடியாமல் போயின. இறுதியில் 2012 செப்ரெம்பரில், எப்போதும் இணைப்புக் கேட்கும் அந்த முறையைத் தாங்கள் கைவிட்டுவிட்டதாகவும், 2011 யூனிலிருந்தே முதல் தடவை மட்டும் பதிவு செய்தால் போதும் என்ற முறைக்கு மாறிவிட்டதாகவும் நிறுவனம் தெரிவித்தது. வாடிக்கையாளர்களின் குரலைக் கேட்டு எடுத்த முடிவு என்றும் சொன்னார்கள்.

மொன்றியால்வாசிகளுக்கு இதன் கஷ்டம் இன்னும் நன்றாக விளங்கும். யூலை 1ஆம் திகதி ஊரே வீடு மாறும் நகரம் இது. புது வீட்டில் இன்ரநெற் வரச் சிலவேளை நாட்கள் எடுக்கும். புதிதாக வந்தவர்களுக்கு முதல் மாதங்களில் இன்ரநெற் கட்டணமே ஒரு பாரம். அப்படியான வீட்டில் பிள்ளைக்கு இருக்கும் ஒரே பொழுதுபோக்கையும் அந்தப் பூட்டுப் பறித்துவிடும். வசதியுள்ளவனுக்குச் சின்னத் தொல்லையாக இருப்பது வசதியில்லாதவனுக்கு முழுத் தடையாகிறது. களவுப் பூட்டைத் திட்டமிடுகிறவர்கள் இந்த வீடுகளை நினைத்துப் பார்ப்பதில்லை.

போலந்துக்காரர் கண்ட வழி

களவு மிக மோசமாக இருந்த ஒரு நாட்டிலிருந்தே வேறு வழி பிறந்தது. 1990களின் தொடக்கத்தில் போலந்தில் சந்தைகளில் களவுப் பிரதிகள் வெளிப்படையாக விற்கப்பட்டன. நிரல்களைப் பாதுகாக்கும் பதிப்புரிமைச் சட்டமே அங்கு 1994இல்தான் வந்தது. அதே ஆண்டில் இரண்டு நண்பர்கள் 'சி.டி. புரொஜெக்ற்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

1999இல் அவர்கள் 'போல்டர்ஸ் கேற்' என்ற வெளிநாட்டு விளையாட்டைப் போலந்து மொழிக்கு மாற்றி விற்றார்கள். நாட்டின் பெயர் பெற்ற நடிகர்களைக் கொண்டு குரல் கொடுத்தார்கள். பெட்டிக்குள் வரைபடம், கையேடு, இசை இறுவட்டு எல்லாம் வைத்தார்கள். சந்தைப் பிரதி மலிவுதான். ஆனால் அதில் இவை ஒன்றும் இல்லை. சனம் விலை கூடிய பெட்டியையே தேடி வாங்கியது.

2008இல் அதே குழுமம் பூட்டு இல்லாத விளையாட்டுகளை மட்டுமே விற்கும் இன்ரநெற் கடை ஒன்றைத் தொடங்கியது. வாங்கி இறக்கியதை எங்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். 2015இல் தாம் தயாரித்த 'விச்சர் 3' விளையாட்டையும் அந்தக் கடையில் பூட்டில்லாமலே விட்டார்கள். எல்லாப் பெட்டிகளுக்குமான பதிப்புகளையும் சேர்த்து அது 5 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதாக 2023இல் அறிவித்தார்கள்.

எங்கள் கடைக்காரர்களுக்கு இது புதிய தத்துவமல்ல. பக்கத்துக் கடையில் கத்தரிக்காய் மலிவாக இருந்தாலும், முகம் பார்த்துச் சிரித்து, பழுதானதை மாற்றித் தரும் கடைக்கே சனம் திரும்பிப் போகும்.

பூட்டுக்கும் ஒரு தவணை

எல்லோரும் போலந்துக்காரர் போல நடக்க முடியாது என்று நிறுவனங்கள் சொல்லலாம். அதிலும் ஓரளவு உண்மை உண்டு. 2014இலிருந்து பல பெரிய விளையாட்டுகளுக்கு 'டெனூவோ' என்ற கடினமான பூட்டுப் போடப்படுகிறது. அதன் பலன் பற்றி அமெரிக்க ஆய்வாளர் ஒருவர் எழுதிய கட்டுரை 2024இல் வெளிவந்தது. விளையாட்டு வெளிவந்த முதல் வாரத்திலேயே பூட்டு உடைந்தால் வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்று அவர் கணக்கிட்டார். ஆனால் 12 வாரங்கள் கடந்த பின் உடைந்தால் சொல்லத்தக்க நட்டம் இல்லை என்றும் அதே ஆய்வு கண்டது.

இதிலிருந்து நாங்கள் ஒரு நியாயமான முடிவுக்கு வரலாம். புதுப்படம் திரையிட்ட முதல் கிழமைகளில் வாசலில் ரிக்கெற் பார்ப்பவர் நிற்பது சரி. சனம் வந்து போன பிறகும், ரிக்கெற் வாங்கியவரை வருடக்கணக்காக மறித்துச் சோதிப்பது எதற்கு? பூட்டுக்கும் ஒரு தவணை இருக்க வேண்டும். சில நிறுவனங்கள் சில மாதங்களின் பின் தாமாகவே டெனூவோவை நீக்கிவிடுகின்றன. அது எல்லோருக்கும் வழக்கமாக வேண்டும்.

பூட்டு விளையாட்டையே கெடுக்கவும் கூடாது. 2021இல் ஜப்பானின் கப்கொம் நிறுவனம் வெளியிட்ட 'ரெசிடென்ற் ஈவில் வில்லேஜ்' கொம்பியூட்டரில் அடிக்கடி திக்கித் திக்கி ஓடியது. பூட்டை உடைத்த களவுப் பிரதியோ வழுக்கிக்கொண்டு ஓடியது. பிறகு நிறுவனமே திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது.

வாங்கியது எங்களுடையதா?

அண்மைக் காலத்தில் இன்னொரு பிரச்சினை முளைத்திருக்கிறது. 2014இல் யூபிசொஃப்ட் வெளியிட்ட 'த குரூ' என்ற கார் ஓட்டும் விளையாட்டு, பிரான்சிலுள்ள ஒரு நிறுவனத்தில் தயாரானது. தனியாக ஓட்டினாலும் அதற்கு நிறுவனத்தின் சேவர் தேவை. 2024 மார்ச் 31இல் சேவரை நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கிய இறுவட்டு அலுமாரியில் இருக்கிறது. ஆனால் விளையாட்டு இல்லை.

இதை எதிர்த்து 2024இல் 'ஸ்ரொப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கம் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமக்கள் மனுவுக்கு 2025 யூலையில் 10 இலட்சத்துக்கு மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்தன. யூபிசொஃப்ட்டும் தன் 'த குரூ 2' விளையாட்டுக்கு இணைப்பில்லாமல் விளையாடும் வழியைத் தருவதாக 2024 செப்ரெம்பரில் அறிவித்தது. கலிபோர்னியா மாநிலம் 2025 ஜனவரியிலிருந்து ஒரு விதி கொண்டுவந்தது: நிறுவனம் பிறகு பறிக்கக்கூடிய பொருளை "வாங்குங்கள்" என்று சும்மா விற்க முடியாது, பாவனை அனுமதி மட்டுமே தருகிறோம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

நுகர்வோர் வாய் திறந்தால் பயன் உண்டு என்பதற்கு இவை சாட்சி. 2013இல் மைக்ரோசொஃப்ட் தன் புதிய 'எக்ஸ் பொக்ஸ்' பெட்டி 24 மணித்தியாலத்துக்கு ஒருமுறை இணைப்பைத் தேடும் என்று அறிவித்தபோதும், எதிர்ப்புக் கிளம்பி அதே யூன் மாதம் 19ஆம் திகதி அந்த விதியை வாபஸ் வாங்கியது.

சட்டம் என்ன சொல்கிறது?

வந்த நாட்டுச் சட்டத்தை அறிந்து வைத்திருப்பது எமக்கு அவசியம். 2012இல் திருத்தப்பட்ட கனேடியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, நீங்கள் நியாயமாக வாங்கிய பொருளுக்குப் பாதுகாப்புப் பிரதி ஒன்று எடுத்து வைக்கலாம். ஆனால் அதற்குப் பூட்டை உடைக்க வேண்டியிருந்தால் அந்த உரிமை இல்லை. ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்தது போல. 2024 நவம்பரில் வந்த இரண்டு திருத்தங்கள், பொருளைப் பழுதுபார்ப்பதற்கும் வேறு பொருளோடு இணைந்து இயங்க வைப்பதற்கும் பூட்டைத் திறக்க இடம் கொடுத்தன. விளையாட்டைப் பிரதி எடுக்க அவை இடம் கொடுக்கவில்லை.

"உடைத்த பெட்டி, நூறு விளையாட்டு உள்ளே, மலிவு" என்று யாராவது சொன்னால் விலகி நில்லுங்கள். அப்படியான கருவிகளை விற்ற ஒன்ராறியோ நிறுவனம் ஒன்றுக்கு 2017இல் மத்திய நீதிமன்றம் விதித்த நட்டஈடு 1 கோடியே 27 இலட்சம் டொலர். 585 விளையாட்டுகளைக் கணக்கில் எடுத்து நின்ரெண்டோவுக்குக் கொடுக்கச் சொன்னார்கள். வாங்குபவர் பக்கத்திலும் ஆபத்து உண்டு. உடைத்த பெட்டியை நிறுவனம் கண்டுபிடித்தால் அது மீண்டும் இன்ரநெற்றில் சேர முடியாதபடி தடை செய்துவிடும்.

பிள்ளை எதையாவது களவாக இறக்கினால், உங்கள் இன்ரநெற் நிறுவனம் ஊடாக ஓர் அறிவித்தல் வரலாம். 2015இலிருந்து இந்த முறை நடைமுறையில் உள்ளது. அந்தக் கடிதத்தைக் கண்டு, எங்கள் அகதி வழக்குக்கோ குடியுரிமைக்கோ ஆபத்து வந்துவிட்டது என்று நடுங்கிக் காசு கட்டிவிடாதீர்கள். அது நீதிமன்றத் தீர்ப்பல்ல. அத்தகைய அறிவித்தலில் காசு கேட்க முடியாது என்று 2018 டிசெம்பரில் சட்டம் திருத்தப்பட்டது. அதற்காக அதைக் குப்பையில் போடவும் வேண்டாம். பிள்ளையைக் கூப்பிட்டுக் கதைத்து, அந்த வேலையை நிறுத்தச் செய்யுங்கள். நீதிமன்றத்திலிருந்தே கடிதம் வந்தால் சட்டத்தரணியிடம் போங்கள்.

கியூபெக்கின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எமக்கு நல்ல துணை. வாங்கிய பொருள் அதற்குரிய வேலையைச் செய்ய வேண்டும், கொடுத்த விலைக்கு ஏற்ற நியாயமான காலம் உழைக்க வேண்டும் என்று அதன் 37ஆம், 38ஆம் பிரிவுகள் சொல்கின்றன. இந்த உத்தரவாதத்துக்குத் தனிக் காசு இல்லை. திட்டமிட்டே சீக்கிரம் பழுதாகும்படி பொருள் செய்வதும் 2023 ஒக்ரோபரிலிருந்து இங்கே தடை. பிணக்கு வந்தால் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்திடம் முறையிடலாம். 15,000 டொலர் வரையிலான வழக்கைச் சிறு வழக்கு மன்றத்தில் சட்டத்தரணி இல்லாமலே நடத்தலாம்.

பெற்றோர் கவனத்துக்கு

வாங்குவதற்கு முன் பெட்டியின் பின்பக்கத்தைப் பிள்ளையோடு சேர்ந்து வாசியுங்கள். இன்ரநெற் கட்டாயமா, எந்நேரமும் வேண்டுமா, முதல் தடவை மட்டும் போதுமா என்று எழுதியிருக்கும்.

பெட்டிக்குள் உண்மையான இறுவட்டு இருக்கிறதா, வெறும் இலக்கம் எழுதிய கடதாசியா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். 2025இல் வந்த நின்ரெண்டோவின் 'ஸ்விச் 2' பெட்டிக்குச் சில விளையாட்டுகள் சாவி அட்டையாக வருகின்றன. அட்டையில் விளையாட்டு இல்லை, அதை இறக்கும் அனுமதி மட்டுமே இருக்கிறது.

மனம் மாறியதற்காகக் காசைத் திருப்பித் தர வேண்டும் என்று கியூபெக்கில் கடைகளுக்குச் சட்டம் இல்லை. கடையின் சொந்த விதியை முதலே கேளுங்கள். பற்றுச்சீட்டை எறியாதீர்கள். 'ஸ்ரீம்' என்ற இன்ரநெற் கடையில், வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம்.

கணக்கைப் பிள்ளையின் நண்பனின் பெயரில் திறக்க விடாதீர்கள். உங்கள் மின்னஞ்சலில் திறந்து, கடவுச்சொல்லை எழுதி வையுங்கள். கணக்கு யாருடையதோ, விளையாட்டும் அவருடையதே.

எல்லாவற்றையும் வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. மொன்றியால் நகர நூலகங்கள் பலவற்றில் புத்தகத்தோடு வீடியோ கேம்களும் இரவல் கொடுக்கிறார்கள். நகரவாசிகளுக்கு அட்டை இலவசம். விளையாட்டு இரவல் எடுக்கப் போகும் பிள்ளை இரண்டு பிரெஞ்சுப் புத்தகமும் தூக்கிக்கொண்டு வந்தால் இலாபம்தானே.

பிள்ளைக்கு என்ன பதில்?

"ஏன் காசு குடுத்து வாங்கினனாங்கள்?" என்ற கேள்விக்கு எமது பதில் இதுதான்: செய்தவனின் உழைப்புக்குக் கூலி கொடுக்க வேண்டும், அதனால் வாங்கினோம். கூலி கொடுத்த பிறகு எங்களைக் கள்ளனைப் போல நடத்தினால், அதைத் தட்டிக் கேட்கும் உரிமையும் அந்தக் காசோடுதான் வந்தது. களவாக எடுத்தவனுக்கு அந்த உரிமை கிடையாது. முறைப்பாட்டுக் கடிதத்தை எழுதும்போது பற்றுச்சீட்டு எங்கள் கையில் இருக்க வேண்டும்.

அந்தக் கடிதத்தைப் பிரெஞ்சில் எழுதப் பெற்றோருக்குத் தெரியாவிட்டால் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சுக்கும் ஒரு பயன் கிடைக்கும்.